75 சென்ட் உதைத்த கணக்கு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கும்பகோணம் கிளையின் ஹெட் கேஷியர் ஒருவர் சொல்வார்: "தம்பி, லட்ச ரூபா உதைச்சா பயப்படாதீங்க, அரை மணியில கிடைச்சிடும். பத்து பைசா உதைச்சா விடாதீங்க. பின்னாடி ரெண்டு பெரிய தப்பு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்." பி.காம். படித்த மூன்று வருஷத்தில் யாரும் சொல்லித்தராத பாடம்.

இதற்கு கணினி உலகில் ஒரு பிரமாதமான உதாரணம் உண்டு.

1986 ஆகஸ்ட். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃபர்ட் ஸ்டால் ஒரு வானியல்காரர். ஆராய்ச்சிக்கான பணம் தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தார். அங்கே கணினி நேரத்துக்குக் காசு வசூலிப்பார்கள். யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு புரோகிராம்கள் தனித்தனியாகக் கணக்கு எழுதும். அந்த மாதம் இரண்டுக்கும் 75 சென்ட் வித்தியாசம். புது ஆள்தானே என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

தோண்டிப் பார்த்தால், 'ஹன்டர்' என்று ஒரு யூசர். பில் அனுப்ப விலாசமே கிடையாது. ஒரு புரோகிராம் அவன் செலவழித்த சில விநாடிகளை எண்ணிவிட்டது. மற்றதற்கு யார் தலையில் எழுதுவது என்று தெரியவில்லை. நம் பாஷையில் சொன்னால் கேஒய்சி இல்லாத அக்கவுன்ட்! யாரோ தவறுதலாகச் சேர்த்திருப்பார்கள் என்று ஸ்டால் நீக்கிவிட்டார்.

முடிந்ததா? இல்லை. இங்கிலாந்து போய்விட்ட ஒருவரின் பழைய கணக்கில் யாரோ புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே வந்தவன் எப்படி இத்தனை அதிகாரம் பெற்றான்? ஈமேக்ஸ் என்ற மென்பொருளில், அஞ்சலை இடம் மாற்றும் சின்ன நிரலில் ஒரு ஓட்டை. அதன் வழியாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் ஒரு சிஸ்டம் நிரலின் இடத்தில் தன்னுடையதை வைத்தான். சிஸ்டம் அதைத் தன் பிள்ளை என்று நினைத்து முழு அதிகாரத்தோடு ஓட்டியது. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுகிற அதே வேலை. ஸ்டால் 1989-ல் எழுதிய புத்தகத்துக்கும் 'குயிலின் முட்டை' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்.

இங்கேதான் விஷயம். ஓட்டையை எவனாவது ஒருநாள் அடைத்துவிடுவான். ஆனால் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால் வாசல் வழியாகவே வரலாம், காவலாளியும் சல்யூட் அடிப்பான். அதனால்தான் திருடன் முதலில் தனக்கென்று பெயர்கள் வைத்துக்கொள்கிறான். புழங்காமல் கிடந்த பழைய கணக்குகளையும் எடுத்துக்கொண்டான். ஹன்டர், யேகர், ஹெட்ஜஸ், பென்சன் என்று அவனுக்குப் பிடித்த சொற்கள் சில. 'யேகர்' என்றால் ஜெர்மன் மொழியில் வேட்டைக்காரன், அதாவது அதே ஹன்டர்! துப்புக் கொடுத்ததே அவன் வைத்த பெயர்தான்.

ஸ்டால் கதவை மூடாமல் காத்திருந்தார். ஒரு வார இறுதியில், மற்றவர்கள் மேசையில் இருந்த பிரின்டர்களைத் தூக்கிவந்து ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் பொருத்தி, மேசைக்கடியில் படுத்துத் தூங்கினார். தடம் அமெரிக்காவைத் தாண்டி மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் வரை போனது. போலி ராணுவக் கோப்புகளைப் போட்டு, அவனை நீண்ட நேரம் இணைப்பில் வைத்திருந்து 1987-ல் பிடித்தார்கள். மார்கஸ் ஹெஸ் என்ற இளைஞன். சுமார் 450 கணினிகளில் முயன்று, 30-க்கு மேல் உள்ளே போயிருந்தான். எடுத்த தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்பனை. 1990-ல் குற்றம் நிரூபணமானாலும் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? நாக்பூரில் ஒரு கிளைக்குப் பொறுப்பேற்ற அன்று யூசர் லிஸ்ட் கேட்டேன். ஏழு மாதம் முன் ரிட்டயர் ஆனவரின் ஐடி உயிரோடு இருந்தது. "நல்ல மனுஷர் சார், அப்படியே விட்டுட்டோம்" என்றார்கள். மனுஷர் நல்லவர்தான். ஆனால் அவர் பெயரில் நாளை வருபவன் யார்?

அன்றே மூடச் சொன்னேன். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை அந்த லிஸ்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.