கண்ணாடிப் பேழையுட் கடல்: ஒரு வரலாற்று நோக்கு

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் தேயிலை மலைகள் சூழ அமைந்த பதுளையில், வீட்டு முன்னறையிலே உவர்நீர் மீன்தொட்டி ஒன்றை வைத்து அலங்கரித்தல் விந்தையாகத் தோன்றலாம். ஆயின் இன்று அது இயலாததன்று. ஒரு லீற்றர் மலைநீரில் ஏறக்குறைய 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்தாற் கடலையொத்த நீர் கிடைத்துவிடும். நீர் கிடைத்தபின் எழுவதே அலங்காரம் பற்றிய வினா. தொட்டியினுள் எதனை வைப்பது? அப்பொருள் எங்கிருந்து, எவர் கையால் வந்தது? இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தொட்டியின் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், அது நமது தோட்டங்களின் வரலாற்றோடு ஒரே வேரிற் சென்று முடிவதைக் காணலாம். இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த நதானியல் வாட் என்னும் மருத்துவர், மூடிய போத்தலொன்றினுள் பன்னம் தானே முளைத்து வளர்வதை 1829 ஆம் ஆண்டளவிற் கண்டார். அதிலிருந்து பிறந்ததே 'வாட் பேழை' எனப்பட்ட கண்ணாடிப் பெட்டி. உப்புக்காற்றுத் தீண்டாமற் செடிகளைக் கடல் கடந்து கொண்டுசெல்ல அது வழிசெய்தது. றொபேட் போர்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை 1851 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இத்தகைய பேழைகளிலேயே. 1876 இல் 38 பேழைகளில் 1,919 றப்பர்க் கன்றுகள் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்டன. இன்று மொனராகலைப் பக்கம் நாம் காணும் றப்பர்த் தோட்டங்களின் முன்வரலாறு அதுவே.

செடிக்கு வாய்த்த அப்பேழை நீருயிர்க்கும் வாய்த்தது. பிரித்தானியாவிற் கண்ணாடி மீதான வரி 1845 இல் நீக்கப்பட, கண்ணாடி மலிவாயிற்று. 1850 இல் வேதியியலாளரான றொபேட் வாரிங்டன், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரே தொட்டியில் வாழக்கூடும் எனக் காட்டினார். 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிற் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறுவருடம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல், கடலை வீட்டறைக்குள் வைத்தலை ஒரு நாகரிக மோகமாகவே ஆக்கிற்று. அம்மோகத்தின் விளைவு யாது? தந்தையின் நூல்களைப் படித்துத் திரண்டுவந்தோர் கடற்கரைப் பாறைக் குட்டைகளை வெறுமையாக்கிவிட்டதைக் கொஸ்ஸின் மகனே 1907 இல் துயருடன் பதிவு செய்தார்.

இவர்களுக்கு முன்னரே, 1846 இல், அன்னா தின் என்னும் அம்மையார் கல்முருகைகளை இலண்டன் வீட்டில் உயிருடன் வளர்த்தார். நீரிற் காற்றுக் கலக்கும்பொருட்டு, திறந்த சாளரத்தருகே நாள்தோறும் நீரை மாறி மாறி ஊற்றிய கை அவ்வீட்டுப் பணிப்பெண்ணுடையது. அம்மையாரின் பெயர் வரலாற்றில் நின்றது. பணிப்பெண்ணின் பெயர் நிற்கவில்லை. கொழுந்து பறிப்போரின் வழிவந்த நமக்கு இச்செய்தி புதிதன்று.

இனி இலங்கைக் கரையை நோக்குவோம். 1864 ஆம் ஆண்டளவில் ஒஸ்திரிய நாட்டு இரான்சொனே, காலிக் கடலில் மூழ்குமணியினுள் இறங்கி, முருகைப் பாறைகளை நீருக்கடியிலிருந்தே வரைந்தார். அவர் அழகெனக் கண்டதைப் பிறர் பொருளெனக் கண்டனர். தென்மேற்குக் கரையிலே முருகைக்கல் அகழப்பட்டுச் சூளைகளிற் சுண்ணாம்பாயிற்று. நாட்டின் கட்டடச் சுண்ணாம்பிற் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. வெளுத்த முருகைக் கிளைகளும் சங்குகளும் அலங்காரப் பொருளாக விலைபோயின. ஏற்றுமதிக்கு மீன்பிடிப்போர் சிலர் ஈயம் கட்டிய சிறுவலையைப் பாறைமேற் கவிழ்க்க, மீனோடு முருகையும் முறிந்தது.

கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இல் இயற்றப்பட்டது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகை அகழ்வதையும் சுடுவதையும் தடைசெய்தது. ஆயினும் 1998 இற் கடல்நீர் வெப்பமுற்றதனால் இக்கடுவைப் பாறைகளின் முருகைகளிற் பெரும்பாலானவை வெளிறி மடிந்தன. சட்டத்துக்குக் கட்டுப்படாத அழிவும் உண்டென்பதை அது உணர்த்திற்று. அகழ்ந்து வாழ்ந்த குடும்பங்கள் தடையினாற் பிழைப்பிழந்தமையும் மறைக்கத்தக்கதன்று. பாறையைக் காப்பதும் அதனை நம்பியிருந்தோர்க்கு வேறு வழி காட்டுவதும் ஒரே கடமையின் இரு பக்கங்களாகும்.

ஆகவே, மலைநாட்டு வீட்டிற் கடலை அமைக்க விரும்புவோர் கடலை உடைக்க வேண்டியதில்லை. சுட்ட மண்ணாலும் சீமெந்தாலும் செய்த பாறைகள் மீனுக்கு மறைவிடமாகும். சில மாதங்களிற் பாசி படர்ந்து இயற்கையெழிலும் பெறும். வார்ப்பு முருகைகளும் கிடைக்கின்றன. வாங்கும் மீன் எங்கே, எவ்வாறு பிடிக்கப்பட்டதென வினவுதல் அலங்காரத்தின் முதற்படியாதல் வேண்டும்.

தேயிலைக் கோப்பையை ஏந்துவோர் அதன் பின்னுள்ள லயத்தையும் கூலியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டுமென நாம் எதிர்பார்க்கிறோம். அந்நியாயம் நம் முன்னறைக் கண்ணாடிக்கும் பொருந்தும். சுழியோடியின் மூச்சையும் முருகையின் முறிவையும் எண்ணாது இரசிப்போமாயின், நம்மை எண்ணாது அருந்துவோரை நாம் எவ்வாறு குறைகூறுவது?