ஐம்பத்தாறு பிட்களின் கொடிவழி: படைத்துறைத் தரவு இணைப்பும் சிவில் வான் கண்காணிப்பும்

விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி முறையை, லிங்க் 16 என்னும் படைத்துறைத் தரவு இணைப்பின் எளிய சிவில் வடிவமாகக் கொள்ளும் கருத்து ஒன்று உண்டு. லிங்க் 16 வலையிலுள்ள ஒவ்வொரு போர் விமானமும் தான் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்தத் தகவலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சீராக அறிவிக்கிறது. பிபிஎல்ஐ எனப்படும் அந்த அறிவிப்பின் உள்ளடக்கமும் ஏடிஎஸ்-பியின் உள்ளடக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே மறையாக்கத்தை நீக்கிவிட்டால் முன்னதே பின்னது என்பது வாதம். இதிலிருந்து ஒரு பரிந்துரையும் பிறக்கிறது: சிவில் பயன்பாட்டுக்காகக் கழற்றப்பட்ட பாதுகாப்பை மீண்டும் பூட்ட வேண்டும். கொடிவழி பற்றிய கூற்று தவறு. அதன்மேல் எழுந்த பரிந்துரையும் அதனால் இலக்குத் தவறுகிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சுவடிப் பதிப்பில் இரண்டு ஏடுகள் ஒரே பொருளைச் சொல்வதால் அவை உறவுடையவை என யாரும் முடிவுகட்டுவதில்லை. ஒரே இடத்தில் ஒரே எழுத்து விடுபட்டிருந்தால்தான் உறவு தெரியும். விமானத்தின் நிலையை அறிவிக்க முனையும் எவரும் அடையாளம், இடம், உயரம் ஆகியவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். எனவே உள்ளடக்க ஒற்றுமை சான்றாகாது. பார்க்கவேண்டியது, காரணம் மறைந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய அமைப்பு.

ஏடிஎஸ்-பியில் பறக்கும் விமானத்தின் நிலைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். 1090 மெகாஹெர்ட்ஸில் 112 பிட்களாகச் செல்லும் மோட் எஸ் நீட்டிப்பில் செய்திப் பகுதி 56 பிட். வகைக்கு 5, கண்காணிப்பு நிலைக்கு 2, தொடக்கப் பதிப்புகளில் ஆன்டெனா பற்றிய குறிப்பாக இருந்ததற்கு 1, உயரத்துக்கு 12, நேரத்துக்கு 1, குறியீட்டு வடிவுக்கு 1, அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் தலா 17. இவற்றில் உயரப் பகுதியே என் முதன்மைச் சான்று. அந்த 12 பிட்களில் ஒன்று கியூ பிட். அது ஒன்றாக இருந்தால் எஞ்சிய 11 பிட்களும் 25 அடிப் படிகளில் உயரத்தைச் சொல்லும். இந்தக் கணக்கு 50,175 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் கியூ பிட் பூஜ்யமாகி, 100 அடிப் படிகளைக் கொண்ட கில்லாம் குறியீடு வரும். அப்போது பிட்களின் வரிசை: சி1, ஏ1, சி2, ஏ2, சி4, ஏ4, பி1, கியூ, பி2, டி2, பி4, டி4.

ரேடாரின் கேள்விக்குப் பதில் தரும் பழைய டிரான்ஸ்பாண்டர் கருவியின் மோட் சி எனப்படும் உயர மறுமொழியில், 20.3 மைக்ரோவினாடி இடைவெளியில் நிற்கும் இரு எல்லைத் துடிப்புகளுக்கு நடுவே துடிப்புகள் வருவதும் இதே வரிசையில்தான். சியும் ஏயும், பியும் டியும் இப்படிப் பின்னிக்கிடப்பதற்கு இன்றைய எண்முறைச் செய்தியில் எந்தத் தேவையும் இல்லை. ஏ, பி துடிப்புகளை மட்டும் கொண்டிருந்த 64 குறியீடுகள் போதாமல் போனபோது, அவற்றின் இடைவெளிகளில் சி, டி துடிப்புகளைச் செருகி 4096 ஆக்கியதன் தழும்பு அது. கியூ பிட் அமர்ந்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. அது டி1 துடிப்பின் இடம். உயரக் குறியீட்டில் டி1 பயன்படுவதில்லை. காலியாக இருந்த அந்த இருக்கையில்தான் புதியவர் உட்கார்ந்திருக்கிறார். நட்பா பகையா என்று அறிய உருவான ஐஎஃப்எஃப் மார்க் எக்ஸ் குடும்பத்தின் உடற்கூறு இது. லிங்க் 16 செய்திகளில் இதற்கு இணையான எதுவும் இல்லை. கண்காணிப்பு நிலைக்கான 2 பிட்களும் இதையே உறுதி செய்கின்றன. அவசரநிலைக் குறியீடு, விமானியின் நான்கிலக்கக் குறியீடு மாறியது, கட்டுப்பாட்டாளர் கேட்டதும் 'ஐடென்ட்' பொத்தான் அழுத்தப்பட்டது என அவை சொல்வதெல்லாம் கேள்வி-பதில் ரேடாரின் உலகைச் சேர்ந்தவை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று நேரத்துக்கான அந்த ஒரு பிட். லிங்க் 16 முழுவதும் நேர ஒத்திசைவில் நிற்கிறது. ஒரு வினாடி 128 காலக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிய கூறுகள் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. ஏடிஎஸ்-பியின் நேர பிட் இந்த ஒத்திசைவின் எச்சம் என்று வாசிக்கப்படுகிறது. அந்த பிட் சொல்வது, இச்செய்தியிலுள்ள நிலை உலகப் பொது நேரத்தின் 0.2 வினாடிப் படியொன்றுக்கு உரியது என்பதை மட்டுமே. செய்தி எப்போது அனுப்பப்படும் என்பதை அது கட்டுப்படுத்துவதில்லை. அனுப்பும் இடைவெளி 0.4 முதல் 0.6 வினாடிக்குள் வேண்டுமென்றே சீரற்றதாக வைக்கப்பட்டிருக்கிறது, ஒருவர் செய்தி மற்றவர் செய்திமேல் தொடர்ந்து விழாதிருக்க. லிங்க் 16-இல் செய்தி புறப்பட்ட நேரம் பெறுபவருக்குத் தெரியும். வந்த நேரத்திலிருந்து அதைக் கழித்துத் தூரத்தைக் கணக்கிடலாம். அதைக்கொண்டு தன் நிலையையே திருத்திக்கொள்ளலாம். ஏடிஎஸ்-பியின் பிட்டைக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. இருவர் கையிலும் கடிகாரம் இருப்பதால் அவர்கள் ஒரே வீட்டார் ஆகிவிட மாட்டார்கள்.

தரக் குறியீடுகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச நான் தயங்குகிறேன். இரு முறைகளும் நிலையின் நம்பகத்தை எண்ணால் சொல்கின்றன. அங்கே கருத்தளவில் ஒரு கடன் இருந்திருக்கலாம். ஆயினும் வேலை வேறு. லிங்க் 16-இல் அந்த எண்கள், யாரைப் பார்த்துத் தன் நேரத்தையும் இடத்தையும் திருத்துவது என ஓர் உறுப்பினர் தீர்மானிக்க உதவுகின்றன. ஏடிஎஸ்-பியில் அவை, இந்த விமானத்துக்கு இன்ன இடைவெளியைப் பயன்படுத்தலாமா என்ற கட்டுப்பாட்டாளரின் கேள்விக்கு விடையாகின்றன.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லவேண்டும்: லிங்க் 16-இன் கருத்துமூலங்களில் ஒன்று 1960-களின் இறுதியில் மைட்டர் நிறுவனத்தில் உருவானது; 978 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யுஏடி என்னும் சிவில் இணைப்பை வடிவமைத்ததும் அதே நிறுவனம். யுஏடியில் காலக்கூறுகளும் உண்டு, வந்த நேரத்தைக்கொண்டு தூரத்தைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. அங்கே படைத்துறைத் தரவு இணைப்பின் சாயலை நான் மறுக்கவில்லை. ஆனால் 2003-இல் மான்ட்ரியலில் கூடிய பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 11-ஆவது வான்வழிப் போக்குவரத்து மாநாடு, உலகப் பொது இணைப்பாகப் பரிந்துரைத்தது 1090-ஐ. சாயல் இருந்த கிளை பிரதான வழியாகவில்லை. ஐஎஃப்எஃப்பும் படைத்துறையினுடையதுதானே என்ற மறுப்பு விவாதத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது. படைத்துறையிலிருந்து வந்ததா என்பதல்ல கேள்வி. எந்தக் கிளையிலிருந்து என்பதே.

கிளை எது என்பது ஏன் முக்கியம்? லிங்க் 16-இன் நம்பகம் உறுப்புரிமையில் இருக்கிறது. மறைசாவி உள்ளவர் உள்ளே, இல்லாதவர் வெளியே. ஐஎஃப்எஃப்பின் சிவில் கிளைக்கு அப்படியொரு வேலி இருந்ததே இல்லை. அதன் நம்பகம் கேட்பதில் இருந்தது. 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும், 1090-இல் பதில் வரும், இரண்டுக்கும் இடையிலான நேரம் தூரத்தைச் சொல்லும். விமானம் தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் பதில் வந்துசேர்ந்த நேரத்தைத் தன் விருப்பப்படி முந்தச் செய்ய அதனால் இயலாது. ஏடிஎஸ்-பி வந்தபோது கழன்றது மறையாக்கமல்ல, கேள்வி.

அந்தக் கேள்வியின் பயனை ஒரு விபத்து காட்டுகிறது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தருகே, தரையிறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். ஹெலிகாப்டரின் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு இல்லை. ஆனால் அதன் டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால், மோதலுக்கு ஏறத்தாழ 20 வினாடி முன்னதாக விமானத்தின் டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்தது. அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் விலகும் கட்டளையை அக்கருவி தருவதில்லை. அந்தத் துயரத்தின் பிற காரணங்கள் இங்கு என் ஆய்வுக்கு அப்பாற்பட்டவை. ஒலிபரப்பு மௌனமான இடத்திலும் கேள்விக்குப் பதில் கிடைத்தது என்பது மட்டும் இங்கே குறிக்கத்தக்கது.

போலிச் செய்திகளைத் தடுக்க லிங்க் 16 பாணி மறையாக்கத்தைக் கொண்டுவரவேண்டும் என்போர், 112 பிட்களில் அதற்கு எங்கே இடம் என்று சொல்லவேண்டும். முகவரிக்கு 24, பிழைகாண 24, தலைப்புக்கு 8, செய்திக்கு 56 போக ஒரு பிட்டும் மிச்சமில்லை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 193 உறுப்பு நாடுகளுக்கிடையே சாவிகளை யார் வைத்திருப்பது என்பது அதனினும் கடினமான கேள்வி. இந்தக் கிளைக்கு இயல்பான வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது: டிகாஸின் கலப்புக் கண்காணிப்பு, ஏடிஎஸ்-பி சொல்லும் இடத்தை நம்புவதற்கு முன் அந்த விமானத்திடம் நேரடியாகக் கேட்டுத் தூரத்தை ஒப்பிடுகிறது, தரையில் பல ஏற்பிகள் ஒரே செய்தியின் வருகை நேர வேறுபாட்டைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுகின்றன. நிதியும் தரநிர்ணய உழைப்பும் போகவேண்டியது இவற்றுக்கே. படைத்துறையும், தன் விமானங்கள் மறையாக்கத்தோடு நிலையை அறிவிக்கவேண்டும் என விரும்பியபோது, லிங்க் 16-ஓடு நின்றுவிடாமல் ஐஎஃப்எஃப் மோட் 5-இன் இரண்டாம் நிலையில் அதற்கு இடம் செய்தது. இந்தச் சான்றை மறுதரப்பு இன்னும் எதிர்கொள்ளவில்லை.