பேச்சியக்க வளர்ச்சி மதிப்பீடு (குழந்தைகளில்)

தாடை, உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளை, மூச்சு ஆகியவற்றை ஒருங்கிணைத்துப் பேச்சொலி எழுப்பும் திறன் குழந்தையிடம் எவ்வளவு வளர்ந்துள்ளது எனக் கண்டறியும் முறை. முதலில் செவித்திறன் சோதிக்கப்படும். பிறகு வாயுறுப்புகளின் அமைப்பும் அசைவும் பார்க்கப்படும். ஊதவும் நாக்கை நீட்டவும் தெரிவதை மட்டும் வைத்துப் பேச்சை எடைபோட முடியாது. பேசவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சற்று வளர்ந்த குழந்தைகளிடம் ‘பபப’, ‘ததத’, ‘ககக’, பின்னர் ‘பதக’ என விரைவாகச் சொல்லச் சொல்வர். மூன்று வயதுக்குட்பட்டோர் இதற்கு ஒத்துழைப்பது அரிது. அவர்களிடம் விளையாட்டினூடே போலச்செய்தலைக் கவனிப்பதே வழி. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகப் பிழைபடச் சொல்வதும், அசைகளுக்கிடையே தடுமாறுவதும், அழுத்தம் பிசகுவதும், பேச்சசைவுகளைத் திட்டமிடுவதில் ஏற்படும் குறையான அப்ராக்சியாவைச் சுட்டலாம். தசைத் தளர்ச்சியாலோ இறுக்கத்தாலோ பேச்சு குழறுவது டிஸ்ஆர்த்ரியா. ழகரமும் றகரமும் தாமதமாகக் கைவருபவை. அவை மட்டும் பிசகினால் சிறு குழந்தையிடம் குறை காண வேண்டியதில்லை. பேச்சு வர நாக்கில் வசம்பு தேய்ப்பது பழைய வழக்கம். மதிப்பீட்டுக்கு அது ஈடாகாது.

திருவள்ளூர் மாவட்டத்தின் திருமழிசை போன்ற ஊர்களில் இம்மதிப்பீட்டைப் பெற, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமே முதல் வாயில். அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. அருகே போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேச்சு, கேட்டலியல் துறை உண்டு.