அமெரிக்காவில் டாக்டர் கனவு: காலேஜ் முதல் வருடம் சொதப்பினால் மீள முடியுமா?

நம் ஊரில் எம்பிபிஎஸ் என்றால் பிளஸ் டூ, நீட், கவுன்சிலிங். நீட் சரியாக வரவில்லையா? அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். போன வருட ஸ்கோரை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. காலேஜ் முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியில் வாங்கிய 'சி' கிரேடு, சில வருடம் கழித்து மருத்துவக் கல்லூரி வாசல் வரை கூடவே வரும்.

அங்கே படிக்கும் அக்கா மகன் ஒரு நாள் போன் செய்து, "முதல் வருஷம் சொதப்பிட்டேன் மாமா, இனி டாக்டர் ஆக முடியாதா?" என்று கேட்டால் என்ன சொல்வது? சுருக்கமான பதில்: முடியும். ஆனால் பழைய மார்க்கை அழிக்க முடியாது. அதன் மேல் நல்ல மார்க்கைக் குவிக்கத்தான் முடியும்.

முதல் வருட மார்க் ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் பொதுவாக 4 வருட இளநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான் 4 வருட மருத்துவப் படிப்பு. பெரும்பாலான எம்டி கல்லூரிகளுக்கு 'ஆம்காஸ்' என்ற பொது விண்ணப்பம். படித்த எல்லா கல்லூரிகளின் மார்க்கையும் வாங்கி, 4.0-க்கு எவ்வளவு என்று ஜிபிஏ கணக்கிடுவார்கள். அறிவியல், கணிதப் பாடங்களுக்குத் தனி ஜிபிஏ உண்டு.

போட்டி கடுமை. சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். எம்டி இடம் கிடைப்பது சுமார் 23,000 பேருக்கு. சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டி இருக்கிறது.

திரும்பப் படித்தால் பழைய கிரேடு போய்விடுமா?

போகாது. உங்கள் கல்லூரி பழைய கிரேடை மாற்றிக் கொடுத்தாலும், ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். எம்டி-க்கு இணையாக மருத்துவம் பார்க்கும் உரிமை தரும் டிஓ படிப்பில் முன்பு புது கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் அந்தச் சலுகையும் போய்விட்டது. அதனால் 'சி மைனஸ்', 'டி', 'எஃப்' வாங்கிய அடிப்படைப் பாடங்களைத் திரும்பப் படிப்பது அவசியமாகலாம். மற்றபடி அதே நேரத்தில் மேல்நிலை அறிவியல் பாடங்களில் 'ஏ' வாங்குவது கூடுதல் பலன் தரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

வருடத்துக்கு 30 கிரெடிட் என்று வைப்போம். முதல் வருடம் 2.4, அடுத்த மூன்று வருடமும் 3.8. மொத்தம் 3.45 வரும். பட்டத்துக்குப் பின் இன்னொரு வருடம் 3.9 எடுத்தால் 3.54.

இரண்டாம் வருடமும் 2.4 என்றால்? பட்டம் முடிக்கும்போது 3.10. கூடுதலாக ஒரு வருடம் 3.9 எடுத்தாலும் 3.26-தான். சரிவை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோம் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

ஒரு ஆறுதல்: ஆம்காஸ் மொத்த ஜிபிஏவோடு வருடவாரியான ஜிபிஏவையும் காட்டும். கீழே கிடந்த கோடு ஏறி, அங்கேயே நிற்பது தேர்வுக் குழுவின் கண்ணில் படும்.

எப்போது விண்ணப்பிப்பது?

பலர் சறுக்குவது இங்கேதான். பட்டம் முடித்ததும் நேராகச் சேர வேண்டுமென்றால் மூன்றாம் வருட முடிவிலேயே, அதாவது மே, ஜூன் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது நான்காம் வருட மார்க் அந்த ஜிபிஏவில் ஏறாது. மேலே சொன்ன முதல் உதாரணத்தில் 3.45-க்குப் பதில் 3.33-தான் தெரியும். ஒரு வருடம் பொறுத்து விண்ணப்பித்தால் நான்காம் வருடமும் கணக்கில் சேரும். "ஒரு வருஷம் வேஸ்ட்" என்று வீட்டில் சொல்லலாம். ஆனால் அங்கே இப்படி இடைவெளி விட்டுச் சேர்பவர்கள் ஏராளம்.

பட்டம் முடிந்துவிட்டதே, இனி?

இரண்டு வழிகள். ஒன்று, 'போஸ்ட்-பேக்': பட்டத்துக்குப் பிறகு இளநிலை அளவிலேயே அறிவியல் பாடங்கள் படிப்பது. இந்த மார்க் இளநிலை ஜிபிஏவில் சேரும். இரண்டு, மருத்துவப் படிப்பை ஒட்டிய சிறப்பு முதுநிலைப் படிப்பு. இதன் மார்க் தனியாகக் காட்டப்படும். பழைய ஜிபிஏ உயராது. செலவும் அதிகம். அதிலும் சொதப்பினால் மீள்வது மிகக் கஷ்டம். கடன் வாங்கிச் சேரும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

எம்கேட் தேர்வு கைகொடுக்குமா?

கொடுக்கும், ஓரளவு. மதிப்பெண் 472 முதல் 528 வரை. எம்டி சேர்பவர்களின் சராசரி 512-ஐ ஒட்டி. நல்ல ஸ்கோர் "இப்போது பாடம் தெரியும்" என்பதற்குச் சாட்சி. ஆனால் குறைந்த ஜிபிஏவை அது மறைக்காது. வாழ்நாளில் 7 முறைதான் எழுத முடியும் என்பதால் 'சும்மா எழுதிப் பார்ப்போம்' வேண்டாம்.

இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு?

மாணவர் விசாவில் இருப்பவர்களை ஏற்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. மார்க்கைச் சரிசெய்ய ஆண்டுகளையும் பணத்தையும் போடும் முன், எந்தக் கல்லூரிகள் ஏற்கின்றன என்று பட்டியல் எடுப்பது முதல் வேலை.

சரி, போனில் என்ன சொல்வது?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். பாடச்சுமையா, பகுதிநேர வேலையா, உடம்பா, மனசா? காரணம் சரியாகாமல் அடுத்த செமஸ்டரில் இன்னும் கடினமான பாடங்களை அள்ளிப் போட்டால் சரிவு தொடரும். கல்வி ஆலோசகரைப் பார்க்கட்டும், பாடங்களைக் குறைத்து எடுக்கட்டும். பிறகு ஒரே கேள்வி: "அடுத்த செமஸ்டர்ல எத்தனை பாடம் எடுத்தா எல்லாத்துலயும் 'ஏ' வாங்க முடியும்?" அந்த எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கலாம்.