கிடப்பில் கிடந்த காதல் கதை

ஹாலிவுட்டில் எழுதி முடித்த திரைக்கதைகளில் பெரும்பாலானவை படமாவதே இல்லை. 'கிரிம்சன் பீக்' திரைக்கதையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியதுதான். 2006-இல் எழுதப்பட்டது, 2015 அக்டோபரில்தான் திரைக்கு வந்தது. அந்த ஒன்பது ஆண்டு அலைச்சல் கூடப் பெரிதில்லை. கடைசியில் ஊர் வந்து சேர்ந்தபோது அதன்மேல் ஒட்டியிருந்த விலாசம்தான் தப்பு.

மெக்சிகோ இயக்குநர் கியர்மோ டெல் டோரோ 'பேன்ஸ் லேபிரிந்த்' முடித்த கையோடு, 'மிமிக்' படத்தில் தன்னுடன் எழுதிய மேத்யூ ராபின்ஸோடு சேர்ந்து எழுதிய கதை இது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பணக்காரரின் மகள் ஈடித், எழுத்தாளராகத் துடிப்பவள். களிமண் தோண்டும் இயந்திரத்துக்கு முதலீடு தேடி இங்கிலாந்திலிருந்து வரும் தாமஸ் ஷார்ப்பிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். கல்யாணமாகி கம்பர்லாந்து மாளிகைக்குப் போனால், சாவிக்கொத்தோடு நாத்தனார் லூசில் நிற்கிறாள். கூரையில் ஓட்டை, கூடத்துக்குள் பனி. மிதித்தால் பலகை இடுக்கில் சிவப்புக் களிமண் கசிகிறது. 'ஜேன் அயர்', 'ரெபெக்கா' வழியில் வந்த அசல் கோதிக் காதல் கதை.

முதலில் அதை வாங்கியது யுனிவர்சல் நிறுவனம். ஆனால் டெல் டோரோவுக்கு நேரமில்லை. 'ஹெல்பாய்' இரண்டாம் பாகம் 2008-இல் வந்தது. அடுத்து 'ஹாபிட்' வேலைக்காக நியூசிலாந்து போனார். படப்பிடிப்பு தள்ளிக்கொண்டே போக, 2010-இல் விலகினார். அவருடைய பல ஆண்டுக் கனவான, திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதை 2011-இல் பட்ஜெட்டிலும் வயதுச் சான்றிதழிலும் சிக்கி நின்றுபோனது. பிறகு லெஜண்டரி நிறுவனத்துக்காக 'பசிபிக் ரிம்' எடுக்கப் போனார். அந்தப் பழக்கத்தில்தான் 'கிரிம்சன் பீக்' தூசி தட்டி எடுக்கப்பட்டது. லெஜண்டரி தயாரிக்க, வெளியிட்டது அதே யுனிவர்சல். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்றது கதை.

இதற்குள் நடிகர்களும் மாறினார்கள். ஈடித்தாக எம்மா ஸ்டோன், தாமஸாக பெனடிக்ட் கம்பர்பேட்ச் என்று அறிவித்தார்கள். இருவரும் விலக, மியா வாசிகௌஸ்காவும் டாம் ஹிடில்ஸ்டனும் வந்தார்கள். லூசிலாக ஜெசிகா சாஸ்டெய்ன். 2014 பிப்ரவரியில் கனடாவின் டொரான்டோவில் படப்பிடிப்பு தொடங்கியது.

காகிதத்தில் இருந்த கதைக்கு உடம்பு கிடைத்தது அங்கேதான். அந்த மாளிகையைக் கணினியில் வரைந்து ஒப்பேற்றவில்லை. பைன்வுட் ஸ்டுடியோவில் மூன்று மாடிக்கு நிஜமாகவே எழுப்பினார்கள். அதில் ஏறி இறங்கும் லிஃப்டும் உண்டு. கலை இயக்குநர் தாமஸ் சாண்டர்ஸ், 1992-இல் கொப்போலாவின் 'டிராகுலா'வுக்கு அரங்கம் அமைத்தவர். சில நாற்காலிகளையும் மேசைகளையும் இரண்டு அளவில் செய்து வைத்தார்கள். ஈடித் நொடிந்துபோகும் காட்சியில் பெரிய நாற்காலி. அவள் அதில் குழந்தைபோலச் சுருங்கித் தெரிவாள். அவள் துணியும் காட்சியில் சிறியது. பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது, ஏதோ மாறியிருப்பது மட்டும் உறைக்கும். பஃபலோ முழுக்கப் பொன் மஞ்சள், இங்கிலாந்து வந்ததும் நீலமும் பச்சையும். சிவப்பைக் களிமண்ணுக்கும் ரத்தத்துக்கும் பேய்களுக்கும் ஒதுக்கிவைத்தார்கள். பேய்களாக டக் ஜோன்ஸும் ஹாவியேர் போட்டெட்டும் வேடமிட்டே நடித்தார்கள். படப்பிடிப்பு முடிந்தது, வீட்டை இடித்துவிட்டார்கள்.

வெளியீடு 2015 ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஹாலோவீன் சீசன் அல்லவா! டிரெய்லரில் இருட்டு நடைபாதையும் அலறலும்தான் முன்னால் நின்றன. ஹாலிவுட்டில் உள்ள யுனிவர்சலின் கேளிக்கைப் பூங்காவில் இந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு பேய்க்குகை திறந்தார்கள். முன்கூட்டியே பார்த்த திகில் நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிங் பாராட்ட, எதிர்பார்ப்பு எகிறியது. இது பேய்ப்படமல்ல, கோதிக் காதல் கதை என்று டெல் டோரோ போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போஸ்டர் போட்ட சத்தத்தில் அது எடுபடவில்லை.

நடுங்கப் போனவர்கள் ஏமாந்தார்கள். காதல் கதை பிடிக்கக்கூடியவர்கள் பேய்ப்படம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சுமார் 5.5 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க வசூலித்தது ஏறத்தாழ 7.5 கோடி. தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் போனால் கையைக் கடிக்கும் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தலையெழுத்து திரைக்கதைக்குள்ளேயே இருந்தது. படத்தின் தொடக்கத்தில் ஈடித் தன் நாவலைப் பதிப்பாளரிடம் நீட்டுகிறாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, காதல் சேர்க்கச் சொல்கிறார். பேய் நடமாடுவதால் மட்டும் இது பேய்க்கதை ஆகிவிடாது என்பது அவள் கட்சி. பெண் எழுத்து என்று கண்டுபிடித்துவிடுகிறார்களே என்று, கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்யக் கிளம்புகிறாள். அந்த நேரம் பார்த்து அப்பா ஒரு நல்ல பேனாவைப் பரிசளிக்கிறார். அந்தப் பேனா பின்னால் எழுதுவதற்கு மட்டும் பயன்படவில்லை என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். காதலைச் சேர் என்று அவளிடம் சொன்னார்கள். டெல் டோரோவின் படத்தில் இருந்த காதலை மறைத்துப் பேயை விற்றார்கள்.

படத்தின் ஆயுள் தியேட்டரோடு முடியவில்லை. 2019-இல் ஆரோ வீடியோ சிறப்புப் பதிப்பாக புளூரே வெளியிட்டது. ஒளிப்பதிவாளர் டான் லாஸ்ட்சென் டெல் டோரோவுடனேயே தொடர்ந்தார். இருவரும் அடுத்துச் செய்த 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. 2025-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்கும் ஒளிப்பதிவு அவர்தான். 'கிரிம்சன் பீக்' உடைகளைத் தைத்த கேட் ஹாலியும் அதில் உண்டு.

இன்னும் பார்க்காதவர்கள், பயப்படும் எண்ணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உட்காருங்கள். பேய்கள் இந்தக் கதையில் வழிகாட்டிகள். அவை ஈடித்துக்குக் கெடுதல் செய்ய வரவில்லை, எச்சரிக்கத்தான் வருகின்றன. பயப்பட வேண்டிய ஆட்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள்.