நேர்முகத் தேர்வும் நமது உடையும்

படிப்பை முடித்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டால், நம் வீடுகளில் சான்றிதழ்களுக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி 'என்ன உடுத்திக்கொண்டு போவது?' என்பதுதான். மணவாளக்குறிச்சி, குளச்சல், திருவிதாங்கோடு, தக்கலை என்று நம் பகுதிக் குடும்பங்களில் இதற்கு இரண்டு பதில்களை அடிக்கடி கேட்கிறோம். "ஒருநாள்தானே, தாடியை எடுத்துவிடு, முக்காட்டைக் கழற்றிவிடு, வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஒன்று. "முக்காட்டோடு போனால் எப்படியும் எடுக்க மாட்டார்கள், போகவே வேண்டாம்" என்பது மற்றொன்று.

முதல் பதில் பிள்ளையை வேடம் போட்டு அனுப்புகிறது. இரண்டாவது பதில், உம்மாவும் வாப்பாவும் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்த மகளை, யாரும் மறுக்கும் முன்பே வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. இரண்டுமே வேண்டாம். வேலையில் சேர்ந்த பின் தினமும் எந்தத் தோற்றத்தில் வரப் போகிறோமோ, அதே தோற்றத்தில், அதன் மிகச் சுத்தமான, நேர்த்தியான வடிவில் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

மார்க்கம் காட்டும் வழி

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பில், தூதுக்குழுவினரைச் சந்திப்பதற்காக அழகாக உடுத்திக்கொள்வது பற்றித் தனித் தலைப்பே அமைத்திருக்கிறார்கள். அதில் வரும் செய்தி இது: கடைத்தெருவில் ஒரு பட்டு அங்கி விற்பனைக்கு இருப்பதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அதை வாங்கித் தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போது அணிந்துகொள்ளலாமே என்று நபி (ஸல்) அவர்களிடம் கூறுகிறார்கள். நபியவர்கள் அதை மறுத்தது, அது பட்டு என்பதால். சந்திப்புக்காக நன்றாக உடுத்துவதையே அவர்கள் மறுக்கவில்லை என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். முக்கியமான சந்திப்புக்கு நல்ல உடை உடுத்துவது பெருமையடிப்பதாகாது.

தலைமுடி கலைந்த ஒருவரையும் அழுக்கு உடையில் வந்த ஒருவரையும் கண்டு, சீவிக்கொள்ளவும் துவைத்துக்கொள்ளவும் இவர்களுக்கு ஏதும் கிடைக்கவில்லையா என்ற பொருளில் நபியவர்கள் கேட்டதை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். எளிமை வேறு, கவனக்குறைவு வேறு. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் ஆடையை மறைப்பாகவும் அலங்காரமாகவும் சேர்த்தே சொல்கிறது. நேர்முகத் தேர்வுக்கான உடைக்கு இந்த இரண்டு அளவுகோல்களே போதும்.

உடைக்காகப் போராடிய மண்

உடுத்தும் உடையில் மனிதரின் கண்ணியம் இருக்கிறது என்பதை நம் மாவட்டத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினார்கள். 1859இல் அரசர் உத்திரம் திருநாள் காலத்தில் அதற்கான அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு நீடித்தது. அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நிகழ்ச்சி 2023 மார்ச் மாதம் நாகர்கோவிலில் நடந்தது. உடலை மறைத்து உடுத்துவதை ஓர் உரிமையாகப் போராடிப் பெற்ற மண் இது. இங்கே பிறந்த பெண், தன் முக்காட்டைக் குறித்துக் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஒரு நேர்முகத் தேர்வின் கதை

2008இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில், சமந்தா எலாஃப் என்ற 17 வயது முஸ்லிம் பெண் துணிக்கடை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். தலையில் கறுப்பு முக்காடு. தேர்வு நடத்திய அதிகாரி அவருக்கு வேலைக்குப் போதுமான மதிப்பெண் கொடுத்தார். மேலதிகாரியோ, முக்காடு நிறுவனத்தின் தோற்ற விதிக்குப் பொருந்தாது என்று வேலையைத் தடுத்துவிட்டார். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் அரசு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 'முக்காடுக்கு விலக்கு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்கவே இல்லையே' என்பது நிறுவனத்தின் வாதம். அந்த நாட்டு உச்சநீதிமன்றம் 2015 ஜூன் 1 அன்று 8க்கு 1 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலக்கு தர வேண்டிவருமே என்ற எண்ணமே வேலை மறுப்புக்குக் காரணமாக இருந்தால் அது தவறு என்றது.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நேரில் பேசிப் பார்த்தவர் முக்காட்டைத் தாண்டித் திறமையைக் கண்டார். கழற்றிவிட்டுப் போயிருந்தால், இதே சிக்கல் வேலையில் சேர்ந்த பிறகு வந்திருக்கும். அப்போது 'முதலிலேயே ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வியும் சேர்ந்து வந்திருக்கும்.

நம் நாட்டில் நிலை என்ன?

அரசு வேலையில் மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் நிறுவனங்களை அதேபோல் முழுமையாகக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இங்கே இல்லை. எனவே தனியாரிடம் அழைப்பு வந்ததுமே, சீருடை விதி உண்டா என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2022இல் பேசப்பட்ட கர்நாடக ஹிஜாப் வழக்கு கல்விநிலையச் சீருடை பற்றியது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அது தடை விதிக்கவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு முக்காட்டுடன் வர 2016இல் அனுமதித்த கேரள உயர்நீதிமன்றம், சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வேலைக்கான எழுத்துத் தேர்வுக்கும் அரை மணி நேரம் முன்னதாகப் போய், பெண் ஊழியர் சோதிக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். ராணுவம், விமானப்படை போன்ற பணிகளில் தாடிக்குத் தனி விதிகள் உண்டு. விமானப்படை வீரர் ஒருவரின் தாடி வழக்கை உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. விண்ணப்பிக்கும் முன்பே இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கு

வெள்ளை அல்லது இளநிற முழுக்கைச் சட்டை, அடர்நிற பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ போதும். கோட் கட்டாயமில்லை. பேண்ட் தரையில் இழுபட வேண்டாம். டை கட்டுவதானால் அசல் பட்டில் வாங்காதீர்கள். சாதாரண பாலியஸ்டர் டை எங்கும் கிடைக்கிறது. தங்க மோதிரமும் சங்கிலியும் நமக்கு ஆகாதவை. தாடி இருந்தால் சீவி, ஓரங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். எப்போதும் தொப்பி அணிபவர் சுத்தமான தொப்பியுடன் போகலாம். தொழுகைக்கு மட்டும் அணிபவர் பையில் வைத்துக்கொள்ளலாம். மூடிய ஏசி அறையில் அத்தர் நெடி தலைவலி தரும், ஒரு துளிக்கு மேல் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு

தளர்வான நீளமான சுடிதார் அல்லது வேலைப்பாடு இல்லாத ஃபர்தா ஏற்றது. கருநீலம், சாம்பல், பழுப்பு போன்ற ஒரே நிறம் கண்ணை உறுத்தாது. வழுக்கும் சாட்டின் துணியை விடப் பருத்தி முக்காடு தலையில் நிற்கும். உள்தொப்பி போட்டுப் பின் குத்திவிட்டால், பதில் சொல்லும்போது கை அடிக்கடி தலைக்குப் போகாது. கல்லும் ஜரிகையும் கல்யாண வீட்டுக்கு இருக்கட்டும். ஓசை எழுப்பும் வளையலும் வாசனைத் திரவியமும் வேண்டாம். நிகாப் அணிபவர்கள், அடையாளம் சரிபார்க்கப் பெண் அலுவலர் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்கலாம்.

வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். நம்மூர் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை போன்ற தொழிற்சாலையிலோ, மருத்துவமனையிலோ, ஆய்வுக்கூடத்திலோ, தொங்கும் துணி இயந்திரத்தில் சிக்கினால் ஆபத்து. முக்காட்டின் நுனியை உள்ளே செருகிக் கட்டி வந்தால், அந்தப் பாதுகாப்பு நமக்குத் தெரியும் என்பதைப் பார்ப்பவரும் புரிந்துகொள்வார்.

முந்தைய நாளே செய்ய வேண்டியவை

உடையை இஸ்திரி போட்டு, ஒருமுறை உடுத்தி, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ பஸ்ஸில் போவதானால் வியர்வையும் மழையும் உண்டு. நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. குடையும் மாற்றுச் சட்டையோ முக்காடோ பையில் இருக்கட்டும். வளைகுடா வேலைக்குக் காணொலியில் பேசுவதானால், பின்சுவரின் நிறத்தில் உடுத்தாதீர்கள். மேலே சட்டை, கீழே கைலி என்று உட்காராதீர்கள், எழ நேர்ந்தால் சங்கடம்.

நல்ல சட்டை ஒன்று இல்லாததால் தயங்கும் பிள்ளைகளும் நம் மஹல்லாக்களில் உண்டு. வசதியுள்ள குடும்பங்கள் ஒரு ஜோடி உடை வாங்கிக் கொடுத்தால், ஒரு வீட்டின் அடுப்பு எரிய உதவிய நன்மை கிடைக்கும்.

ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். முயற்சி நம் கையில். பெற்றோரே, உங்கள் பிள்ளையை அவராகவே, சுத்தமாக, தலைநிமிர்ந்து அனுப்புங்கள். வல்ல அல்லாஹ் ஹலாலான வேலையையும் அதில் பரக்கத்தையும் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.