தன்னார்வக் கணிப்பு: பழுதுக்குப் பின் மீட்பு

தன்னார்வக் கணிப்பு என்பது மிகப் பெரிய கணக்கொன்றைத் துண்டுகளாக்கி, இணையம் வழியே பொதுமக்களின் கணினிகளுக்கு அனுப்பி, அவை சும்மா இருக்கும் நேரத்தில் செய்துமுடிக்கும் முறை. பெர்க்லியில் 1999 மே 17 அன்று தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ இதைப் பரவலாக்கியது. அங்கேயே டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவான ‘பாயிங்க்’ மென்பொருளின் மேல்தான் பிற்காலத் திட்டங்கள் பலவும் ஓடுகின்றன. கணினி பழுதாகி நின்றால், அதுவரை ஓடிய கணக்கைக் காப்புநகலிலிருந்து மீட்க முடியும்; ஆனால் அது கோப்பை எடுத்துத் திரும்ப வைப்பதோடு முடிகிற வேலை அல்ல.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணிப்பு நேரடியாகப் பயன்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் சுமார் 49 செ.மீ. பதிவானது. அதற்குப் புவி வெப்பமடைதல் காரணமா என்று ஆராய்ந்த குழுவில் டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவும் இருந்தார். தன்னார்வலர் கணினிகளில் ஓடிய காலநிலை மாதிரிகளையும் அக்குழு பயன்படுத்தியது. வெப்பமடைதலின் தாக்கம் தெளிவாகத் தென்படவில்லை, காற்றிலுள்ள தூசுப்புகை அதை மறைத்திருக்கலாம் என்பது 2016இல் வெளியான முடிவு. முகம் தெரியாத பலருடைய வீட்டு மின்சாரம் நம் ஊர் வெள்ளத்தைப் பற்றிய கேள்விக்குச் செலவாகியிருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திலோ அரூரிலோ இப்படியொரு கணக்கை ஓடவிடுபவருக்கு முதல் எதிரி கோடை மழையோடு வரும் மின்தடை. மேசைக் கணினி அந்த நொடியே அணைந்துவிடும். மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் மடிக்கணினி தாங்கும். 2011 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் இந்த வகையில் மேசைக் கணினியைவிடப் பாதுகாப்பானவை. அணைந்தாலும் எல்லாம் போய்விடாது. கணக்கு நிரல்கள் தம் நிலையை அவ்வப்போது வட்டில் எழுதிவைக்கும். இதற்கு ‘செக்பாயிண்ட்’ என்று பெயர். மின்சாரம் வந்ததும் கடைசிச் செக்பாயிண்டிலிருந்து வேலை தொடரும். எழுதிக்கொண்டிருக்கும் போதே மின்சாரம் போய்க் கோப்பு சிதைந்தாலோ, வட்டே பழுதானாலோதான் காப்புநகல் தேவைப்படுகிறது.

இந்தத் தேவையை அதிகம் உணர்ந்தவர்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 2003இல் தொடங்கிய ‘கிளைமேட்பிரடிக்ஷன்’ திட்டத்தின் தன்னார்வலர்கள். பி.பி.சி.யுடன் சேர்ந்து 2006இல் அத்திட்டம் நடத்திய சோதனையில், ஒவ்வொரு கணினியும் 1920 முதல் 2080 வரையிலான 160 ஆண்டுக் காலநிலையைக் கணக்கிட வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஓடும் அப்படிப்பட்ட மாதிரி பாதியில் சிதைந்தால், இழப்பு மாதங்களில்தான்.

நகல் எடுக்கும் முன் பாயிங்க்கை முழுவதுமாக மூட வேண்டும். சாளரத்தை மூடுவது போதாது. பின்னணியில் ஓடும் கணக்கு நிரல்களும் நிற்க வேண்டும். பிறகு தரவுக் கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் நகலெடுக்க வேண்டும். கணக்கின் கோப்பு ஒரு நேரத்தையும் பாயிங்க்கின் நிலைக் கோப்பு வேறொரு நேரத்தையும் காட்டினால் அந்த நகல் உதவாது.

மீட்கும்போது சிக்கல், பணிகளை அனுப்பி விடைகளைப் பெறும் திட்டத்தின் கணினியான வழங்கியின் (சர்வர்) பக்கம் இருக்கிறது. கணினி நேற்றைக்குத் திரும்பிவிட்டது. வழங்கி இன்றில் நிற்கிறது. ஒவ்வொரு தொடர்புக்கும் பாயிங்க் ஒரு வரிசை எண் அனுப்பும். பழைய நகலிலிருந்து சிறிய எண் வந்தால், கோப்புறை வேறு கணினிக்கு நகலெடுக்கப்பட்டதாகக் கருதி, வழங்கி புதிய கணினிப் பதிவை உருவாக்கிவிடும். பணி தோற்றதாக முன்பே தகவல் போயிருந்தால், அதே பணி வேறொருவருக்குப் போயிருக்கலாம். மீட்ட முடிவு ஏற்கப்படாமலும் போகும். ஆகவே தோல்வித் தகவல் வெளியேறும் முன்பே மீட்பது முக்கியம்.

சில மணி நேரத்தில் முடியும் பணிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. பல திட்டங்கள் ஒரே பணியை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. காலக்கெடு தாண்டினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட சிறு பணி சிதைந்தால் அதைக் கைவிட்டுப் புதிய பணி வாங்குவதே நல்லது. நீண்ட மாதிரியை ஓடவிடுபவர்கள் வாரம் ஒருமுறையாவது நகலெடுங்கள். அந்த நகலை வேறொரு வட்டில் வையுங்கள். மீட்டபின் கணக்கு சீராக ஓடுவதைப் பார்த்துவிட்டு இணையத்தை இணையுங்கள்.